புதுக் கோர்வை கற்ற இரவு: மிருதங்க மாணவர்கள் செய்யும் தவறுகள்

படுக்கையில் கைத்தொலைபேசி கூடாது என்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கோர்வை என்னும் தாளச் சொற்கட்டைக் கற்ற கைக்கு, அன்றிரவுத் தூக்கத்திலும் இடையிடையே விடும் ஓய்விலும்தான் அது பதிகிறது. அதைக் கெடுப்பதாக, மிருதங்கம் பழகத் தொடங்கும் பிள்ளைகளிடம் வருடா வருடம் பார்க்கும் தவறுகள் வேறு.

விடிகாலை நான்கு மணிச் சாதகம் (பயிற்சி)

பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருவது இதற்குத்தான். உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளை துணைப்பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் படுக்க 12 மணி ஆகிறது. அரங்கேற்றம் நெருங்குகிறதென்று 4 மணிக்கு எழுப்பி, அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் தொடையில் தட்ட வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் 4 மணிக்கு எழுந்தவர்கள் ஊர் அடங்கும்போதே படுத்தவர்கள்!

உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த உறக்கம் முன்னிரவில் மிகுதி. அவ்வளவு ஆழமில்லாத இரண்டாம் நிலை உறக்கமும் கனவு உறக்கமும் பின்னிரவில் கூடும். 2002-ல் உறக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கர் குழுவினர், விரலுக்கு ஓர் எண் வைத்து, இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையில் தட்டப் பழக்கினார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களுக்கு வேகம் சுமார் 20 சதவீதம் கூடியது. 12 மணி நேரம் விழித்தே இருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இரவின் கடைசிக் காற்பகுதியில் இரண்டாம் நிலை உறக்கம் அதிகம் கிடைத்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். அதில் ஒரு பங்கு கைக்களைப்பு தீர்ந்ததால் வந்தது என்று பிந்திய ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அப்படியே இருந்தாலும், நான்கு மணி அலாரம் பறிப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

புதுக் கோர்வையை வெள்ளிக்கிழமை மாலை சொல்லிக் கொடுங்கள். சனிக்கிழமை தானாக விழிக்கும்வரை எழுப்பாதீர்கள். பள்ளி நாளுக்கு முந்திய இரவென்றால் பழைய பாடமே போதும்.

"நாளைக்குச் சேர்த்துத் தூங்கலாம்"

முடியாது. 2000-ல் இன்னோர் உறக்க ஆய்வாளர் ஸ்டிக்கோல்ட் குழுவினர் கண்ணால் வடிவங்களைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்து, முதல் இரவு தூங்கவிடாமல் வைத்தார்கள். அடுத்த இரண்டு இரவும் நன்றாகத் தூங்கியும் முன்னேற்றம் வரவில்லை. விரலுக்கும் அச்சு அசலாக அப்படியே என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் முதல் இரவோடு விளையாட வேண்டாம்.

ஒரே மாலையில் இரண்டு கோர்வை

முதலாவதைக் கற்ற கையோடு அதே சாயலில் இன்னொன்றைக் கற்றால், முதலாவதற்கு இரவில் கிடைக்க வேண்டிய துல்லியம் கெடுகிறது. ஒன்று போதும்.

மூச்சுவிடாமல் அரை மணி

தொடக்கத்தில் 10 நொடி வாசித்து, 10 நொடி கையை நிறுத்துங்கள். ஆரம்ப முன்னேற்றத்தின் பெரும்பகுதி அந்த நிறுத்தங்களில்தான் நடக்கிறது.

மாலைக் கோப்பி

வேண்டாம். குடித்ததில் பாதி கஃபீன் உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். தே தாரிக்கும் இதே கணக்குத்தான்.