எல்எஸ் ஹேங் ஆனால் செய்யக் கூடாதவை

லினக்ஸ் சர்வரில் எல்எஸ் (ஃபைல் பட்டியலைக் காட்டும் கட்டளை) அடித்து, கர்சர் அப்படியே நின்றுவிட்டால் புதிதாக வந்த அட்மின் என்ன செய்வார் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். முதலில் கன்ட்ரோல்-சி. அப்புறம் இன்னொரு டெர்மினல், அதிலும் அதே எல்எஸ். அதுவும் நிற்கும். அடுத்து ரீபூட். முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

காரணம் தெரியாமல் ரீபூட்

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். எல்எஸ் இப்படி உறைந்து நிற்க நான் அதிகம் பார்த்த காரணம், மவுண்ட் செய்திருக்கும் (அதாவது ஒரு டைரக்டரியாக இணைத்திருக்கும்) என்எஃப்எஸ் சர்வர் பதில் தராமல் போவது. என்எஃப்எஸ் என்பது வேறொரு மெஷினின் ஃபைல்களை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை. வேறு ஏதும் சொல்லாவிட்டால் என்எஃப்எஸ் ஹார்ட் மவுண்ட்தான். எதிர்முனை பேசும்வரை கர்னல் கேட்டுக்கொண்டே இருக்கும். கோளாறு அங்கே. இந்த மெஷினை ரீபூட் செய்து என்ன கிடைக்கும்?

ஓரிடத்தில் ஒரு பையன் செய்தான். டேட்டாபேஸ் லோக்கல் டிஸ்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, படுத்தது பேக்கப் மவுண்ட் மட்டும். ரீபூட் கொடுத்ததும் டேட்டாபேஸ் நின்றது. ஷட்டவுனோ அந்த மவுண்டைக் கழற்றப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. கன்சோலில் போய் பவரை அணைத்துப் போட்டால், எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) இருந்த அதே மவுண்டுக்காக பூட்டும் காத்திருந்தது. (மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்னும் நோஃபெயில் ஆப்ஷனைப் போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.) பேக்கப் ஓடாததோடு போயிருக்க வேண்டிய இரவு.

சரி, எதைப் பார்ப்பது? பிஎஸ் (ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல்) எடுத்து, நின்றுபோன எல்எஸ்ஸின் ஸ்டேட் 'டி' என்று, அதாவது டிஸ்க் அல்லது நெட்வொர்க் பதிலுக்காக கர்னலுக்குள் காத்து நிற்பதாக இருக்கிறதா பாருங்கள். கர்னலில் எங்கே காத்திருக்கிறது என்று சொல்லும் டபிள்யூசான் பத்தியில் என்எஃப்எஸ் அல்லது ஆர்பிசி (என்எஃப்எஸ் சர்வரோடு பேசும் வழி) என்று தெரிந்தால் ஆள் சிக்கிவிட்டது. /ப்ராக்/மவுண்ட்ஸ் ஃபைலை கேட் செய்தால் எந்த சர்வர் என்று தெரியும். இது செத்த மவுண்டைத் தொடாது. அந்த சர்வரில் என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட் பதில் தருகிறதா என்று சோதியுங்கள். சர்வர் திரும்பி வந்தால் நின்ற எல்எஸ் தானாகவே பட்டியலைக் கொட்டும். வராது என்றால் யூமவுண்ட் -எல், பதிலுக்குக் காத்திராமல் மவுண்டைக் கழற்றிவிடும் கட்டளை. மவுண்ட் பாயின்ட் விடுபடும், ஏற்கெனவே மாட்டிய ப்ராசஸ்கள் விடுபடும் என்று நம்ப வேண்டாம்.

டிஎஃப் அடிப்பது

டிஸ்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் கட்டளை இது. செத்த மவுண்டைத் தொட்டு அதுவும் தொங்கும். லோக்கல் டிஸ்குகளை மட்டும் பார்க்கும் டிஎஃப் -எல் அடியுங்கள்.

லோடு ஏறுகிறதே என்று பதறுவது

'டி' நிலையில் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் லோடு எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும். சிபியு சும்மாதான் இருக்கும்.

சாஃப்ட் மவுண்டுக்குத் தாவுவது

சாஃப்ட் மவுண்டில் கர்னல் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விட்டுவிடும். தொங்காது, உண்மை. ஆனால் நேரம் கடந்ததும் பிழை திரும்பும். எழுதிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம் அதைக் கவனிக்காவிட்டால் ஃபைல் பாதியோடு நிற்கும். படிக்க மட்டும் உள்ள மவுண்ட் என்றால் யோசிக்கலாம்.

எதற்கெடுத்தாலும் என்எஃப்எஸ்ஸைத் திட்டுவது

ஒரே டைரக்டரியில் லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால், எல்எஸ் எல்லாவற்றையும் படித்து வரிசைப்படுத்திய பிறகுதான் முதல் வரியையே காட்டும். வரிசை வேண்டாம் என்று சின்ன எஃப் ஆப்ஷன் (எல்எஸ் -எஃப்) போட்டுப் பாருங்கள். எல்எஸ் -எல் நிற்கிறது, பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும் எல்எஸ் -என் ஓடுகிறது என்றால், பயனர் பெயரைத் தேடிப் போன இடத்தில் எல்டாப் (பயனர் விவரம் வைத்திருக்கும் சர்வர்) போன்ற ஏதோ ஒன்று பதில் தரவில்லை. முன்னால் பின்சாய்கோடு போட்டால் ஏலியாஸ் (கட்டளைக்கு வைத்த மாற்றுப் பெயர்) விலகும். அப்படிப் போட்ட எல்எஸ் மட்டும் ஓடினால் ஏலியாஸில் உள்ள கலர் ஆப்ஷனைச் சந்தேகியுங்கள். நிறம் தீட்டுவதற்காக அது ஒவ்வொரு சிம்லிங்கின் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) மறுமுனையையும் போய்ப் பார்க்கும், அதில் ஏதோ ஒன்று செத்த மவுண்டுக்குள் போகிறது.