மொரிஸ் மைனருக்குச் சாமான் தேடுவது: கடைக்குப் போக முன் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக நின்ற, மொரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரை மகளும் நானும் சேர்ந்து திருத்தி வருகிறோம். அது என் அப்பாவின் கார். பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருக்கிறது. போன மாதம்தான் நான்கு சில்லுக்கும் பிறேக் பிடித்தது. முதன்முறையாகப் பழைய கார் ஒன்றில் கை வைப்பவர்களுக்காக, சாமான் தேடிய விதத்தை எழுதுகிறேன். ஜக் வைப்பது, சில்லுக் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. என்ஜின் இலக்கத்தைப் பாருங்கள்

பொனற்றைத் திறந்து, என்ஜின் புளொக்கில் டைனமோவுக்கு மேலே உள்ள சின்னத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948 சிசி. 10எம்ஏ என்றால் 1962இல் வந்த 1098 சிசி. கிளச் பிளேற் முதலாவதற்கு 6¼ அங்குலம், இரண்டாவதற்கு 7¼. கடைக்காரர் முதலில் இதைத்தான் கேட்பார்.

என்ஜினைப் பிரித்திருந்தால் பிஸ்ரனின் தலையையும் பாருங்கள். 20, 30, 40 என்று ஏதாவது அடித்திருந்தால், அது ஓவர்சைஸ். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரிது. எங்கள் ஊர்க் கார்களில் இது முக்கியம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஓயிலைக் கழுவிவிடும். அதனால் தேய்ந்து, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய புளொக்குகள் நிறைய உண்டு. அப்பாவின் காரில் 30 அடித்திருந்தது.

2. ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்

இந்த இடத்தில்தான் எங்களுக்கு மூன்று மாதம் போனது.

பின் சில்லுகள் ஏற்கெனவே கழற்றி இருந்தன. ட்றம்மின், அதாவது சில்லோடு சுற்றும் பிறேக் உருளையின், உள்விட்டத்தை அளந்தேன், 7 அங்குலம். 948 சிசி மைனருக்கு முன்னும் பின்னும் 7 அங்குலம்தான். பதிவுப் புத்தகமும் 1959 என்கிறது, என்ஜினும் 948. எல்லாம் ஒத்துப்போகிறது என்று நினைத்து, முன் பிறேக்குக்கான சூ (ட்றம்மின் உள்ளே அழுத்தும் வளைந்த கட்டை), அதைத் தள்ளும் வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்துக்குப் பணம் கட்டினேன். பொதி வந்தது, சுங்க வரியும் கட்டியாயிற்று. முன் சில்லைக் கழற்றி சூவை வைத்துப் பார்த்தால் ட்றம்முக்குள் ஆடுகிறது. மகள் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எட்டு" என்றாள்.

கொக்குவிலில் உள்ள பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். ட்றம்மைத் திருப்பிப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இது பிந்தின பிறேக். ஆரோ மாத்திப் போட்டிருக்கினம்."

1098 சிசி வந்தபோது முன் ட்றம்மை மட்டும் 8 அங்குலமாக்கினார்கள், பின்னுக்கு அதே 7. சாமான் வராத காலத்தில் உடைத்த காரிலிருந்து முழுதாகக் கழற்றி மற்றக் காருக்குப் பூட்டியிருக்கிறார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஓடிய காருக்கு வருடத்தைச் சொல்லிச் சாமான் கேட்கவே கூடாது.

அளப்பதற்கு 150 மில்லிமீற்றர் வேர்னியர் (நகரும் தாடையுள்ள அளவுகோல்) போதாது. 8 அங்குலம் என்பது 203 மில்லிமீற்றர். 300 மில்லிமீற்றர் இரும்பு வேர்னியர் ஒன்று வாங்குங்கள், அங்குலமும் இருக்கவேண்டும். டிஜிற்றலை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரும்பு வேர்னியரில் கோடு பார்த்து வாசிக்கப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் பழகிவிடும். எங்கள் வீட்டில் அளவுக் கொப்பி முழுவதும் மகளின் கையெழுத்துத்தான்.

3. தேடும் ஒழுங்கு

முதலில் ஊர்க் கராஜ்கள். நகரத்துப் புதுக் கடைகளைவிட மானிப்பாய், கோண்டாவில் பக்கத்துப் பழைய மெக்கானிக்மாரிடம்தான் கதவுப் பிடி, கண்ணாடி, பம்பர் எல்லாம் எங்கே கிடக்கிறது என்ற தகவல் இருக்கும். மாறி வந்த அந்த 7 அங்குலச் சாமான் சுன்னாகத்தில் மைனர் வைத்திருக்கும் ஒருவருக்குச் சரியாகப் பொருந்தியது. அவர் பதிலுக்கு இரண்டு கதவுப் பிடிகள் தந்தார்.

அடுத்தது கொழும்பில் பழைய வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை. மருதானையில் இறங்கி நடக்கலாம். ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் போகவேண்டாம். பழைய சாமானைக் கழுவிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிங் பின் எல்லோருக்கும் கிங் பின்தான்.

கடைசியாக இங்கிலாந்து. மைனருக்கு அங்கே இன்னும் புதிதாகச் சாமான் செய்கிறார்கள். வரியையும் தபாலையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பழைய பிறேக் சூவை எறியவேண்டாம், ஊரிலேயே அதற்குப் புது லைனர் (உராயும் பட்டை) அடிப்பார்கள். ஆனால் வீல் சிலிண்டர் ரப்பர், பிறேக் ஹோஸ், முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டான ட்றனியன் மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். ட்றனியனின் புரி தேய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் சில்லு மடிந்துவிடும். பெட்டி பிரிக்காத பழைய ரப்பரும் வேண்டாம், இருந்த இடத்திலேயே காய்ந்திருக்கும்.

பிற்சேர்க்கை: "ஏ40 என்ஜின் சாமான் மைனருக்குப் போகும் என்கிறார்களே?" என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். எந்த ஏ40 என்று கேளுங்கள். எங்கள் ஊரில் கூடுதலாக ஓடிய ஒஸ்டின் ஏ40 டெவன், சொமர்செற் இரண்டும் 1200 சிசி, அது வேறு என்ஜின். 1958இல் வந்த ஏ40 ஃபரினாவில்தான் மைனரின் அதே ஏ சீரிஸ் குடும்பத்து என்ஜின். அதிலும் 948, 1098 என்று இரண்டு உண்டு. இந்தியாவின் அம்பாசிடர் மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வழி வந்தது. அதன் என்ஜின் சாமான் மைனருக்குச் சரிவராது.