ஓமான் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, ரமலான் மாதத்தில் பகல் வேளையில் பிறர் காண உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது என்பன போன்ற விதிகளை ஓமானுக்குச் செல்வோர் பெரும்பாலும் தெரிந்துகொண்டே விமானம் ஏறுகிறார்கள். உண்மையில் சங்கடம் நேர்வது, யாரேனும் அன்போடு வீட்டுக்கு அழைத்து விருந்தினரை அமர்த்தும் அறையான மஜ்லிஸில் உட்கார வைக்கும்போதுதான்.

அங்கே பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்னும் காபியும் வரும். அவசரத்தைக் காரணம் காட்டி முதல் கோப்பையையே மறுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். சூடு ஆறுவதற்குள் குடித்து முடிக்க வைத்து, மறுபடி மறுபடி ஊற்றுவதில்தான் அவர்களுடைய உபசாரம் இருக்கிறது. வலக்கையால் வாங்கிக் குடித்துவிட்டு, போதும் எனில் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தர வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னொரு முறை ஊற்றிவிடுவார்கள். மூன்று கோப்பைகளோடு நிறுத்திக்கொள்வது நயமானது. நலம் விசாரிப்பது நீண்டுகொண்டே போனாலும், இடைமறித்து, வந்த காரியத்தைப் பேசத் தொடங்கக் கூடாது. வீட்டுப் பெண்களைப் பற்றித் தனித்தனியே கேட்காமல் "வீட்டில் எல்லோரும் நலமா" என்று பொதுவாக விசாரிப்பதே முறை. பெண்கள் தாமாகக் கை நீட்டாதவரை ஆண்கள் கைகுலுக்க முற்படலாகாது.

மஸ்கட்டில் 2001இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலை முஸ்லிம் அல்லாதோர் சனி முதல் வியாழன் வரை காலை 8 முதல் 11 மணிக்குள் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை போய் ஏமாந்து திரும்புவோர் உண்டு. பெண்கள் தலைமுடியையும் கை, கால்களையும் மறைத்திருக்க வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையில் போகக் கூடாது.

கிராமங்களில் இன்னும் கவனம் தேவை. மிஸ்ஃபத் அல் அப்ரியீன் போன்ற மலையூர்களில் ஃபலஜ் எனப்படும் கால்வாய்கள் வீடுகளுக்கு இடையே ஓடுகின்றன. இத்தகைய பாசன அமைப்புகளில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வழக்கமான முறைப்படி, தண்ணீர் முதலில் குடிநீர் எடுக்கும் இடத்தையும், பிறகு பள்ளிவாசலையும் குளிக்கும் இடங்களையும் கடந்து கடைசியில்தான் தோட்டங்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மேற்பகுதியில் காலை நனைப்பது, கீழே இருப்பவர்கள் குடிக்கும் நீரில் காலை வைப்பதாகும். குளிக்க எது இடம் என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் அவர்களே காட்டுவார்கள். அங்கும் நீச்சலுடை வேண்டாம், முழங்கால் மறையும் உடையும் சட்டையுமே ஏற்றவை.