மூக்கு கூரா இருந்தா கப்பல் பறக்குமா? ஹல் (கப்பலோட உடம்பு) பத்தி நாம பண்ற தப்புகள்

தெரிஞ்ச பையன் ஒருத்தன் ரிமோட் போட் செஞ்சான். மூக்கை ஊசி மாதிரி சீவி, பெயின்ட் அடிச்சு, பேட்டரியை மேல் தளத்துல ஒட்டி கம்மாய்ல விட்டான், மோட்டார் ஆன் பண்ணி திருப்பின உடனே ஒருக்களிச்சு கவுந்துடுச்சு. "அண்ணா, அடியில கொஞ்சம் ஈயம் வெச்சா சரியாயிடும்ல?"ன்னு கேட்டான். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வெயிட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பே.

ஸ்வீடன்ல 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி வாசான்னு ஒரு போர்க்கப்பல், 64 பீரங்கியோட ஸ்டாக்ஹோம்ல முதல் பயணம் கிளம்புச்சு. சுமார் 1,300 மீட்டர்தான் போச்சு. ஒரு காத்து அடிச்சு சாஞ்சதும் கீழ்த்தட்டு பீரங்கி ஓட்டைங்க வழியா தண்ணி உள்ள வந்து, கரையில நின்ன கூட்டம் பார்த்துட்டு இருக்கும்போதே முங்கிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருக்காங்க, 30 பேரை மேல் தளத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட விட்டாங்க, மூணு ஓட்டத்துலயே கப்பல் ஆடின ஆட்டத்தைப் பார்த்து பயந்து நிறுத்திட்டாங்க. நிறுத்தினது ஓட்டத்தை மட்டும்தான், பயணத்தை இல்ல!

அடியில இன்னும் கல்லு போட்டிருக்கலாமேன்னு தோணும். போட்டா கப்பல் இன்னும் கீழ இறங்கும், பீரங்கி ஓட்டை தண்ணிக்கு இன்னும் கிட்ட வரும். தண்ணிக்கு மேல இருந்த மரமும் பீரங்கியும் ரொம்ப கனம், அதைத் தாங்குற அளவுக்கு தண்ணிக்குள்ள உடம்பு அகலமா இல்ல. அதாவது கோளாறு உருவத்துலயே இருந்துச்சு, பாரத்தைக் கூட்டி சரி பண்ற கேஸே இல்ல. இன்னொண்ணு, 1961ல கப்பலை மேல எடுத்தப்போ உள்ள அளவுகோல்கள் கிடைச்சுது, சிலது 12 இஞ்ச் ஸ்வீடன் அடி, சிலது 11 இஞ்ச் ஆம்ஸ்டர்டாம் அடி. உடனே "ஸ்கேல் மாறினதால கப்பல் முங்குச்சு"ன்னு ஃபார்வர்ட் சுத்துது. ரெண்டு பக்கமும் சமமா இல்லாம போனதுக்கு அது காரணமா இருக்கலாம், ஆனா முங்கினதுக்கு மெயின் காரணம் மேல்கனம்தான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு இருக்கு, கனம் எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறது. இரும்புத்தாது மாதிரி கனமான சரக்கை அடியோட அடியா ஏத்தின கப்பல் சாஞ்சா வெடுக்குன்னு நிமிரும், அந்த வெட்டுல உள்ள இருக்கிற ஆளு தூங்கவே முடியாது, கட்டின சங்கிலி கூட தெறிக்கும். மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆடுற கப்பலைப் பார்த்து பயப்படுறோம், ஆனா ஓரளவுக்குள்ள இருந்தா அதுதான் ஆளுக்கும் சரக்குக்கும் சுகம்.

உள்ள தேங்குற தண்ணியை வெறும் எக்ஸ்ட்ரா வெயிட்டுன்னு கணக்கு போடாதீங்க. தட்டு நிறைய ஆரத்தித் தண்ணி எடுத்துட்டு நடந்திருந்தா தெரியும், லேசா சாஞ்சாலே எல்லாம் ஒரே பக்கம் ஓடி தட்டையே இழுக்கும். 1987 மார்ச் 6 அன்னிக்கு பெல்ஜியத்துல ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்ங்கிற ஃபெர்ரி, முன்கதவை மூடாமலே துறைமுகத்தை விட்டு கிளம்பி, தடுப்பே இல்லாத கார் தளத்துல தண்ணி ஓடி சில நிமிஷத்துல சாஞ்சுது, 193 பேர் செத்தாங்க.

சரி, வேகத்துக்கு வருவோம். மூக்கு கூரா இருந்தாதான் ஸ்பீடுன்னு கண்ணு சொல்லும். வில்லியம் ஃப்ரூட்ங்கிற இங்கிலாந்து எஞ்சினியர் 1860கள்ல கூர் மூக்கு ஒண்ணு, மொண்ணை மூக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை மாடல் செஞ்சு, அண்டங்காக்கா, அன்னம்னு பேர் வெச்சு ஆத்துல இழுத்துப் பார்த்தார். மெதுவா போகும்போது கூர்மூக்கு காக்கா ஜெயிச்சுது, வேகம் ஏற ஏற அன்னம் ஜெயிச்சுது. எல்லா வேகத்துக்கும் பொருந்துற ஒரே ஹல்னு ஒண்ணு கிடையாதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மாடல்களை இழுத்துப் பார்க்கவே 1872ல இங்கிலாந்துல டார்க்கீங்கிற ஊர்ல நீளமா ஒரு தொட்டியே கட்டினார்.

மாடல் செய்றவங்க பண்ற தப்பும் இவர்கிட்டயே மாட்டும். நிஜக் கப்பல் 20 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்), நம்ம மாடல் 25ல ஒரு பங்கு நீளம், அப்போ என்ன ஸ்பீடுல ஓட்டணும்? 20னு சொன்னாலும் தப்பு, 25ஆல வகுத்தாலும் தப்பு. 25க்கு வர்க்கமூலம் 5, அதால வகுத்தா 4 நாட், அந்த ஸ்பீடுலதான் மாடல் கிளப்புற அலை நிஜக் கப்பல் அலை மாதிரியே இருக்கும். ஆனா தண்ணி உரசுற உராய்வு இந்தக் கணக்குக்கு கட்டுப்படாது, அதை அவர் பலகைகளை இழுத்துப் பார்த்து தனியா அளந்தார். இந்த ரெண்டையும் பிரிச்சதுதான் மனுஷனோட கெட்டிக்காரத்தனம்னு நான் சொல்லுவேன்.

"பெரிய எஞ்சின் போட்டா முடிஞ்சுது"ன்னு அடுத்து வருவாங்க. வழுக்கிட்டு மேல எழும்பாத சாதா போட் தன்னோட அலையிலயே மாட்டிக்கும், தண்ணிமட்ட நீளம் 10 மீட்டர்னா ஏறக்குறைய 7.7 நாட் தாண்டும்போது மூக்கைத் தூக்கிட்டு சொந்த அலை மேலயே ஏற ஆரம்பிக்கும். அதுக்கு மேல குடுக்கிற டீசல் எல்லாம் அந்த ஏத்தத்துக்கே சரியாப் போகும்.

முன்னாடி தண்ணிக்கு அடியில உருண்டையா நீட்டிட்டு இருக்கிற பல்பைப் பார்த்து, இது எல்லா கப்பலுக்கும் லாபம்னு நினைக்காதீங்க. அது கிளப்புற அலையும் மூக்கு கிளப்புற அலையும் ஒண்ணை ஒண்ணு அமுக்கணும், அது குறிப்பிட்ட வேகத்துலயும் ஆழத்துலயும்தான் நடக்கும். 2008க்கு அப்புறம் எண்ணெய் மிச்சம் பிடிக்க கன்டெய்னர் கப்பல்களை மெதுவா ஓட்ட ஆரம்பிச்சதும் பழைய பல்பு பாரமாயிடுச்சு, நிறைய கப்பலுக்கு வெட்டி எடுத்து புது மூக்கு வெச்சாங்க.

கடைசியா நம்ம ஊர் விஷயம். ரெண்டு ஹல் இருந்தா கேட்டமரான், அது நம்ம கட்டுமரம்தான்னு பெருமையா போடுறோம், பேர் நம்மளதுதான், உருவம் இல்ல. கட்டுமரத்துக்கு ஹல்லே கிடையாது, கட்டைகளை கயித்தால வரிஞ்சு கட்டினது, அலை மேல ஏறினாலும் இடுக்கு வழியா வடிஞ்சு போயிடும், மரமே மிதக்குது. ரெண்டு ஹல் போட்ல உள்ள தண்ணி புகுந்தா தலைவலி. கட்டுமரத்துக்கு அந்தக் கவலையே இல்ல, கட்டை ஊறி கனமாகிறதுதான் பிரச்சனை, அதனால கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து கட்டையை தனித்தனியா வெயில்ல காயப் போடுவாங்க.