புது ஆல்பம் கேட்டு விமர்சனம் எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

நம் ராமநாதபுரம் கடற்கரையில் பாட்டுச் சத்தம் இல்லாத ஊர் கிடையாது. ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழா, முளைக்கொட்டு, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்று வருஷம் முழுக்கக் கேட்கிறோம். நாகூர் ஹனிபா பிறந்ததே ராமநாதபுரத்தில்தான். ஆனால் புது ஆல்பம் ஒன்று வந்ததும் நாம் எழுதுவது மட்டும் ‘செம’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி எழுத நினைக்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. இசை படித்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்கிற ஒவ்வொரு கருத்துக்கும் பாட்டுக்குள் ஓர் இடத்தைக் காட்டத் தெரிந்தால் போதும்.

படி 1: எதை எடுப்பது?

சினிமாப் பாட்டுகளை முதலில் எடுக்காதீர்கள். அவை காட்சிக்காகப் போடப்பட்டவை. படம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பாட்டாக வெளியாகும்போது, அந்தப் பாட்டு தன் வேலையைச் செய்ததா என்று நமக்குத் தெரியாது. தனி ஆல்பம் அப்படியில்லை. எது முதலில், எது கடைசியில் என்பதைக்கூடக் கலைஞர் யோசித்து வைத்திருப்பார். கேட்க வேண்டியது முழுக்க நம் கையில் இருக்கிறது.

நீளம் குறைவானதாகப் பாருங்கள். அமெரிக்க ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் முன்னறிவிப்பு இல்லாமல் 2024 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ‘ஜிஎன்எக்ஸ்’ 12 பாட்டு, சுமார் 44 நிமிடம். ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் பாம்பன் பாலம் வருவதற்குள் முடிந்துவிடும். அதே வருஷம் டெய்லர் ஸ்விஃப்ட் 16 பாட்டுள்ள ஆல்பத்தை வெளியிட்டு, இரண்டு மணி நேரத்தில் இன்னும் 15 பாட்டைச் சேர்த்தார். மொத்தம் 31. பழகிய விமர்சகர்களே நீளத்தைப் பற்றிக் குறைப்பட்டார்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

படி 2: மூன்று தடவை கேளுங்கள்

முதல் தடவை எதையும் எழுதாமல், நிறுத்தாமல் கேளுங்கள். எங்கே கவனம் நழுவியது என்பது மட்டும் மனசில் இருக்கட்டும். இரண்டாம் தடவை நோட்டு, பேனா, இயர்போன். மூன்றாம் தடவை வேறு இடத்தில், வேறு ஸ்பீக்கரில். கடலுக்குப் போகிறவர்களும் தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களும் கரையிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். நடுவில் டவர் போய்ப் பாட்டு அறுந்தால் அந்த வரிசையின் அழகு போய்விடும்.

செல்போன் ஸ்பீக்கரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடிக்கனமான தாழ்ந்த ஒலிகளில், அநேகமாக எதுவும் கேட்காது. பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஓடுகிற நாட்டுப்படகில் எஞ்சின் சத்தம் அதே பகுதியை விழுங்கிவிடும். ‘பீட்டே இல்லை’ என்று எழுதுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆல்பத்தை ஒப்பிடும்போது ஒலியளவையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது நல்ல இசையாகத் தோன்றுவது எல்லார் காதுக்கும் உள்ள பழக்கம்.

படி 3: எந்த வகை, அது எதற்கு ஆசைப்படுகிறது?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தனக்குப் பழகிய வகையின் அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அளப்பார்கள். மெலடி கேட்டு வளர்ந்தவர் ராப் கேட்டுவிட்டு ‘ராகமே இல்லை’ என்பார். ராப்பில் பார்க்க வேண்டியது வேறு. சொல் பீட்டின் மேல் விழுகிறதா, கொஞ்சம் பிந்தி விழுகிறதா, மூச்சை எங்கே மறைக்கிறார், எதுகை வரிக் கடைசியில் மட்டும் நிற்கிறதா, வரிக்குள்ளும் ஓடுகிறதா? தமிழ் ராப் என்றால் மோனையையும் சேர்த்துப் பாருங்கள். நமக்கு அது பள்ளிக்கூடத்திலேயே காதில் ஏறிய விஷயம்.

மெட்டல் என்ற கனத்த ராக் வகையில் பல குழுக்களில் குரல் உறுமும். குரல் இனிமையாக இல்லை என்று அங்கே குறை சொல்ல முடியாது. பிளட் இன்கன்டேஷன் என்ற டெத் மெட்டல் குழுவின் ‘அப்சொல்யூட் எல்ஸ்வேர்’ (2024) ஆல்பத்தில் மொத்தமே இரண்டு பாட்டு. ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல், மூன்று பகுதியாக ஓடும். உறுமலுக்கு நடுவே சிந்தசைசர் மெதுவாகப் பரவும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற திருப்பம் தானாக வருகிறதா, வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறதா என்பதுதான். பாப்புக்கு வேறு கேள்வி: பாட்டு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அதன் ஹூக், அதாவது மனசில் ஒட்டிக்கொள்கிற அந்த வரி, வாயில் வருகிறதா?

மொழி தெரியாத ஆல்பத்தைப் பற்றியும் எழுதலாம். பேட் பன்னி 2025 ஜனவரி 5 அன்று வெளியிட்ட ‘டெபி டிரார் மாஸ் ஃபோட்டோஸ்’ முழுக்க ஸ்பானிஷ். அட்டைப்படத்தில் வாழை மரங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. நம் ஊர் வீட்டு வாசலில் எடுத்த படம் என்றே சொல்லலாம். அவருடைய ஊரான போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள ஒரு தீவு. அமெரிக்காவோடு சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் சொந்த மக்களின் நிலமும் பண்பாடும் கைநழுவியதுபோலத் தங்களுக்கும் நடந்துவிடக் கூடாது என்ற பயத்தை ஒரு பாட்டு நேராகவே சொல்கிறது. ரெகேடோன் என்ற நடன இசையின் பீட்டோடு அந்தத் தீவின் நாட்டுப்புற இசையான பிளேனாவையும் சல்சாவையும் கலந்து, இசைப்பள்ளி மாணவர்களை வாசிக்க வைத்திருக்கிறார். ராமேஸ்வரம் தீவில் உட்கார்ந்து இதைக் கேட்கிறவருக்கு எழுத நிறைய இருக்கிறது. வரிகளை மொழிபெயர்ப்பில் படித்தேன் என்று மட்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 4: இடத்தைக் காட்டுங்கள்

கரையில் சீலா வாங்குகிறவர் ‘இப்ப வந்த மீன்’ என்ற சொல்லை நம்பிக் காசு கொடுப்பதில்லை, செவுளைத் தூக்கிப் பார்ப்பார். உங்கள் விமர்சனத்தைப் படிக்கிறவருக்கும் அப்படிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். பாட்டின் எண், நிமிடம், வினாடி. கற்பனையான ஒரு ஆல்பத்தை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் எழுதியது: ‘மூன்றாவது பாட்டு மிக்ஸிங் சரியில்லை.’

திருத்தியது: ‘மூன்றாவது பாட்டில் 1:40-ல் தவில் நுழைந்ததும் குரல் அடியில் போய்விடுகிறது. அந்த நான்கு வரியில்தான் கதையே இருக்கிறது. இயர்போனில் மூன்று முறை கேட்டும் கடைசி வரி பிடிபடவில்லை.’

இரண்டாவதைப் படித்தவர் 1:40-க்குப் போய்க் கேட்டுவிட்டு, ‘இல்லையே, எனக்குக் கேட்கிறதே’ என்று உங்களோடு சண்டை போடலாம். அந்தச் சண்டைதான் வேண்டும். முதல் வாக்கியத்தோடு யாராலும் சண்டைகூடப் போட முடியாது. பாராட்டுக்கும் இதே விதிதான். ‘உருக்கமான குரல்’ என்று எழுதினால், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது என்றும் எழுத வேண்டும்.

படி 5: உங்கள் ஊர் அறிவைப் பயன்படுத்துங்கள்

தமிழ் ராப் பாடகர் அறிவு 2024-ல் வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பத்தின் பெயரிலேயே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய பாட்டி இருக்கிறார். அந்தத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கின. சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு இது படித்துத் தெரிந்த வரலாறு. மண்டபத்துக்காரருக்குத் தெருவிலேயே இருக்கிறது. அதை எழுதுங்கள்.

ஆனால் பாட்டியின் கதை பெரியது என்பதற்காகப் பாட்டுக்கு மதிப்பெண் கூட்டிப் போடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அந்தக் கதையைத் தாளமும் குரலும் எப்படிச் சுமக்கின்றன என்று தனியாகக் கேளுங்கள். நமக்கு நெருக்கமான கலைஞர்களுக்கு அந்தக் கவனத்தைக் கொடுக்காமல் தட்டிக்கொடுத்து அனுப்பினால், அவர்கள் இசையை நாம் சரியாகக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

படி 6: எழுதி முடித்ததும்

400 சொல் போதும். கலைஞரின் பெயர், வெளியான தேதி, மொத்த நீளம், எதில் கேட்டீர்கள் என்பது மேலே இருக்கட்டும். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவதை முதலில் தவிர்த்துவிடுங்கள். நட்சத்திரம் இருந்தால் படிக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆல்பம் போட்டவர் சொந்தக்காரரோ நண்பரோ என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு, நீங்கள் குறித்த நிமிடம் வினாடி எல்லாம் சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.