யாளி வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய உடற்கூற்றுத் தவறுகள்

காமிக்ஸுக்கோ வீடியோ கேமுக்கோ ஒரு கலப்பு மிருகத்தை உருவாக்கும்போது பலரும் முதலில் செய்வது, இரண்டு விலங்குகளை எடுத்துக் கழுத்திலோ இடுப்பிலோ கோடு போட்டு ஒட்டுவதுதான். சிங்க உடம்பு, யானை முகம், வேலை முடிந்தது. அசையாமல் நிற்கும்வரை மிரட்டலாக இருக்கும். அதை நடக்கவோ கடிக்கவோ வைத்தால் உடனே பொய் தெரிந்துவிடும். எந்த உறுப்பும் உடம்பில் தனியாக இருப்பதில்லை. தும்பிக்கை வந்தால் மண்டையோடு மாறும், மண்டையோடு மாறினால் கழுத்து மாறும், கழுத்து மாறினால் முன்னங்காலும் மாறியாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

நரசிம்மரையும் பிள்ளையாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை வழிபாட்டு வடிவங்கள். அங்கே எலும்பையும் தசையையும் தேடுவது பொருத்தமில்லை. சிங்க உடம்பும் தும்பிக்கையும் கலந்த கோயில் சிற்ப மிருகமான யாளியை எடுத்துக்கொள்வோம். மதுரைப் புதுமண்டபத்திலும் வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளிகளைப் பார்த்தவர்களுக்கு, அதை அசைய வைத்துப் பார்க்கும் ஆசை வராமல் இருக்காது.

சிங்கத்தின் மூக்கு நுனியில் தும்பிக்கையை ஒட்டிவிடுவதுதான் அதிகம் கண்ணில் படும் தவறு. தும்பிக்கை என்பது வெறும் நீண்ட மூக்கு அல்ல. மூக்கும் மேலுதடும் சேர்ந்து வளர்ந்தது. உள்ளே எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. வளர்ந்த யானைக்கு அது நூறு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தை நீண்ட மூஞ்சியின் நுனியில் தொங்கவிட்டால் தலை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். யானையின் மண்டையோட்டைப் பாருங்கள்: மூக்குத் துவாரம் கீழே இருக்காது, முகத்தின் நடுவில், மேலே தள்ளிப் பெரிய குழியாக இருக்கும். சின்னத் தும்பிக்கை உள்ள டேபிருக்கும், தொங்குமூக்கு உள்ள சைகா மானுக்கும்கூட மூக்கெலும்பு குட்டையாகிப் பின்னால் நகர்ந்திருக்கிறது. ஆகவே யாளியின் மூஞ்சி சிங்கத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், மூக்குக் குழி கண்களை ஒட்டி மேலே ஏற வேண்டும். கண்ணுக்குக் கீழே தும்பிக்கைக்கான தடித்த நரம்பு வெளியே வர ஒரு பெரிய துளையும் வேண்டும். இதை வரைந்துவிட்டால் முகத்தின் மேடு பள்ளம் தானாகச் சரியாக விழும்.

அப்புறம் பல். யானைத் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல். சிங்கத்தின் நீண்ட பல் கோரைப்பல். யானைக்குக் கோரைப்பல்லே கிடையாது. இரண்டையும் வைக்கலாம், தடையில்லை. ஆனால் தந்தத்தின் வேர்ப்பகுதி தாடைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். அதற்கு இடம் விட்ட பிறகுதான் கோரைப்பல்லுக்கு இடம். மேலுதடு தும்பிக்கையாகிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. சிங்கம் சீறும்போது மேலுதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டும். யாளிக்குத் தனி மேலுதடு இல்லை. பல்லைக் காட்ட வேண்டுமானால் தும்பிக்கையை மேலே தூக்க வேண்டும். கடிக்கும்போதும் அப்படித்தான், இல்லாவிட்டால் தன் மூக்கைத் தானே கடித்துக்கொள்ளும். தும்பிக்கையை நெற்றிவரை சுருட்டி, அடியில் இருக்கும் கோரைப்பல்லைக் காட்டும் ஒரு சீற்றத்தை வரைந்து பாருங்கள். சிங்கமும் செய்யாத, யானையும் செய்யாத அசைவு அது. யாளிக்கு மட்டுமே உரியது. இப்படி ஒன்று கிடைப்பதற்காகத்தான் இத்தனை மெனக்கெடலும்.

கழுத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கனத்த தலையைத் தாங்க யானையின் கழுத்து குட்டையாக இருக்கிறது. வாய் தரையை எட்டாத குறையைத் தும்பிக்கை தீர்க்கிறது. சிங்கமோ இரையின் தொண்டையைக் கவ்வி முறுக்கத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. என் தேர்வு: தலையைச் சிறிதாக்கி, தந்தத்தையும் குறைத்து, கழுத்தை விட்டுவைப்பது.

அடுத்தது அளவு. யாளியை யானையைவிடப் பெரிதாகக் காட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. தோள்வரை 1.1 மீட்டர் உயரமும் 190 கிலோ எடையும் உள்ள ஒரு சிங்கத்தை அப்படியே மூன்று மடங்காக்கினால் உயரம் 3.3 மீட்டர் ஆகும். எடை மூன்று மடங்கு அல்ல, 27 மடங்கு. ஐந்து டன்னுக்கு மேல். காலெலும்பின் குறுக்குவெட்டு 9 மடங்குதான் கூடும். அதாவது எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் மூன்று மடங்கு பாரம் சுமக்க வேண்டும். கலிலியோ 1638-இல் எழுதிய கணக்கு இது. யானை இதற்காகத்தான் கால்களைத் தூண்போல நேராக வைத்திருக்கிறது, அதனாலேயே அதால் குதிக்க முடியாது. பதுங்கிப் பாயும் சிங்கக் கால்களோடு யானை அளவு யாளி நிற்க முடியாது. பாய்ச்சல் வேண்டுமா, பிரம்மாண்டம் வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நானாக இருந்தால் பாய்ச்சலை எடுப்பேன். பெரிய காளை அளவே போதும்.

மனித உடம்புக்கு விலங்கின் பின்னங்காலை வைப்பவர்கள், முட்டி பின்பக்கமாக மடங்குவதாக நினைத்து வரைகிறார்கள். அது முட்டி அல்ல, குதிகால். சிங்கமும் நாயும் விரல்களில் நடப்பதால் குதிகால் தரையை விட்டு மேலே போய்விட்டது. உண்மையான முட்டி இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது.

இறக்கைக்கு வருவோம். முதுகில் இரண்டு இறக்கையைச் செருகிவிட்டால் குதிரை பறக்காது. பறவையின் இறக்கையை இயக்கும் பெரிய தசைகள் முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கின்றன. புறாவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சுத் தசைதான். அது பற்றிக்கொள்ள நெஞ்செலும்பு படகின் அடிக்கட்டைபோல் துருத்தியிருக்கும். இறக்கையைத் தூக்கும் தசையும் நெஞ்சிலேயே இருந்து, தோள் எலும்புகளின் இடைவெளி வழியே நாணை விட்டு மேலே இழுக்கிறது. எனவே இறக்கை வைத்த சிங்கத்துக்கு முன்னங்கால்களுக்கு நடுவே ஆழமான நெஞ்சு வேண்டும், தோள்கள் விலக வேண்டும். பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை என்பது முன்னங்கால்தான் என்பதால், நான்கு காலோடு இறக்கையும் என்றால் அது மூன்றாவது ஜோடி. அதற்கென்று தனித் தோள்பட்டை எலும்பு காட்டுங்கள். எடையும் கணக்கில் இருக்கட்டும்: வானில் பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான, அழிந்துபோன பறக்கும் ஊர்வன குவெட்சால்கோட்லஸுக்கே இறக்கை விரிப்பு பத்து மீட்டர் அளவு, எடை சுமார் 250 கிலோ என்பது ஒரு மதிப்பீடு. சவாரிக் குதிரை அதைப் போல இரண்டு பங்கு.

கிரேக்கர்களின் குதிரை மனிதனில் எல்லோரும் இடுப்பு இணைப்பைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், வாயை விட்டுவிடுகிறார்கள். 500 கிலோ குதிரை உடம்புக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீவனமே பத்துக் கிலோ வேண்டும். மனிதப் பல்லால் அதை மென்று தீர்க்க முடியாது. நம் மூக்குத் துவாரம் நாலுகால் பாய்ச்சலுக்கான காற்றை இழுக்கவும் போதாது. தாடையும் மூக்கும் பெருத்தே ஆக வேண்டும், அழகு போனாலும் பரவாயில்லை. வளர்ச்சியையும் கவனிக்க வேண்டும். குதிரை மூன்று வயதில் துள்ளி ஓடும், மனிதக் குழந்தைக்கு அந்த வயதில் பால்குடியே சரியாக மறந்திருக்காது என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் கேட்டுவிட்டார். குட்டிக் குதிரை மனிதனை வரைபவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

கடல்கன்னியின் வாலை மீனைப்போல இடவலமாக ஆட்டுவதும் தவறு. வாலால் நீந்தும் கடல் பாலூட்டிகளின் முதுகெலும்பு மேலும் கீழுமாகத்தான் வளையும். திமிங்கிலத்தின் வால் துடுப்பு படுக்கையாக இருப்பது அதனால்தான். பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, பாருங்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே அதற்கென ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. அதற்கும் படுக்கை வால்தான், அதுவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்கிறது. கடல்கன்னிக்குச் செவுள் வைக்காமல் நுரையீரல் வைத்தால், அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வரும் ஒரு உயிரைத்தான் வரைகிறீர்கள். அடர்ந்த எலும்பு, தோலுக்கடியில் தடித்த கொழுப்பு, கழுத்து தெரியாத உருண்டை உடல் எல்லாம் அதோடு வரும். கொடியிடை வராது.