படித்த சட்டக் கல்லூரிக்குத் திரும்பிப் போய் உதவுவது எப்படி?

பணம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் சட்ட மாணவருக்குச் சுலபத்தில் கிடைக்காதது உங்கள் நேரம். வழிகாட்ட ஒரே ஒரு மாணவர் போதும்; ஐந்து பேரை ஏற்றுக்கொண்டு யாருக்கும் பதில் போடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். மாதம் ஒரு மணி நேரம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதல் சந்திப்பில் அறிவுரை வேண்டாம். மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அவர் எழுதிய வாதக் குறிப்பை வாங்கி, எது சம்பவம், எது சட்டக் கேள்வி, நீ காட்டும் இந்தப் பழைய தீர்ப்பு நிஜமாகவே இங்கே பொருந்துமா, நீதிபதி நடுவில் மடக்கினால் என்ன சொல்வாய் என்று வரிவரியாகக் கேளுங்கள். திணறுவார், திணறட்டும்.

உங்கள் பழைய வழக்குக் கட்டைக் காட்ட ஆசை வரும். கூடாது. வழக்கு முடிந்தாலும் கட்சிக்காரரின் ரகசியம் ரகசியம்தான், பெயரை மட்டும் அடித்துவிட்டால் சரியாகிவிடாது. வெளியான தீர்ப்புகளே ஏராளமாக இருக்கின்றன.

அப்புறம் இன்டர்ன்ஷிப். குடும்பத்தில் வக்கீலே இல்லாத மாணவருக்கு உங்கள் அறிமுகம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். உங்கள் அலுவலகத்திலேயே சேர்த்துக்கொண்டால் ஜெராக்ஸ் எடுக்க மட்டும் அனுப்பாதீர்கள், பயணச் செலவையாவது கொடுங்கள்.